பதினேழாம் பாடம்: கொசு

கண்டல்முனைப் பள்ளிக்கூடத்தின் பின்புறம் தேங்காய் மட்டை ஊறப்போடும் குழிகள் மூன்று இருந்தன. மாதக்கணக்காக மட்டை ஊறித் தண்ணீர் மைபோலக் கறுத்து, குமிழி விட்டுக்கொண்டு கிடக்கும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் அழுகிய முட்டை நாற்றம் வகுப்புக்குள் நுழைந்து சேலையில் ஏறிக்கொள்ளும். எத்தனை தரம் துவைத்தாலும் போகாது. எமிலியா வேலைக்கு வந்த முதல் நாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நாலாம் வகுப்புக்குள் கால் வைத்தாள். அன்று பள்ளிக்கூடம் விடுவதற்குள் அந்த நாற்றம் அவளுக்குப் பெரிதாகத் தெரியாமல் போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்றை அவள் பார்த்துவிட்டாள்.

அது முப்பத்தாறாம் வருஷம். பெரிய காய்ச்சல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூட வரவு இடாப்பில் பதினொரு பெயர்கள் சிவப்பு மையால் கோடிழுக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த பிள்ளைகளிலும் பாதிப்பேர் வயிறு ஊதி, கண் மஞ்சளித்து, வெயிலில் உட்கார்ந்தாலும் நடுங்குகிறவர்கள். சிலாபத்துப் பெண்ணான எமிலியாவுக்கு வயது இருபத்திரண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு கிடைத்த முதல் நியமனம் இது.

வாசிப்புப் புத்தகத்தில் பதினேழாம் பாடம் கொசுவைப் பற்றியது. பஸ்தியான் என்ற பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னாள். அவன் மூச்சு விடாமல், ஒரு எழுத்துப் பிசகாமல், மணி அடித்தாற்போல வாசித்தான். எமிலியா மகிழ்ந்துபோய்ப் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் கையிலிருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது. இல்லாத வரிகளை அவன் வாசித்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து. கொசு எண்டா என்ன?"

பையன் கிழிந்த பக்கத்தைப் பார்த்தான். வகுப்பைப் பார்த்துக் கேட்டாள். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னது: "அது இந்தியாவில இருக்கிற ஒரு பிராணி, ரீச்சர்."

அதே நேரம் எமிலியாவின் கணுக்காலில் ஒரு நுளம்பு கடித்துக்கொண்டிருந்தது. குனிந்து அடித்தாள். உள்ளங்கையில் இரத்தம் ஒட்டியது. யாருடைய இரத்தமோ என்று நினைத்துச் சேலையில் துடைத்தாள்.

இடைவேளையில் தலைமை வாத்தியார் மரியநாயகத்திடம் போய்ச் சொன்னாள். அவர் யன்னலுக்கு வெளியே வெற்றிலையைத் துப்பினார். யன்னலுக்குக் கீழே சுவர் முழுக்கச் சிவப்பு வழிந்து காய்ந்திருந்தது.

"பிள்ளை, நீங்க புதுசு. பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசி வருஷத்துக்கு ஒருக்கா வருவார். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அந்தப் பாடத்துக்கு ஒரு பிள்ளை இருக்கு. பதினேழுக்குப் பஸ்தியான். பதினெட்டுக்கு அனஸ்தாசியா. கேள்வியும் நான்தான் குடுத்திருக்கிறன், பதிலும் நான்தான் குடுத்திருக்கிறன். பதினாறு வருஷமா ஒரு குறை எழுதினதில்லை."

"விளங்காமல் வாசிச்சு என்ன பிரயோசனம், வாத்தியார்?"

"விளங்கினவன் எல்லாம் கேள்வி கேப்பான். நாப்பது பிள்ளை கேள்வி கேட்டா நான் எங்க போறது?"

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் எமிலியாவுக்கு அருவருப்பாக இருந்தது. அவருடைய மூத்த மகளின் பெயரும் அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் இருந்ததைப் பிறகுதான் அறிந்தாள். கொசுப் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் செத்திருக்கிறாள்.

மறுநாள் எமிலியா கரும்பலகையில் எழுதினாள்: கொசு என்றால் நுளம்பு. முறைசுரம் என்றால் எங்களுடைய நடுக்கக் காய்ச்சல். வகுப்பு முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அனஸ்தாசியா வாயைப் பிளந்தபடி இருந்தாள். தன் வீட்டைப் பற்றி அச்சில் எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்டவள்போல அவள் பாடத்தை மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு நாளைக்கு நாலு வசனத்துக்கு மேல் எமிலியா போகவில்லை. ஒரு வசனம் வாசிப்பது, புத்தகத்தை மூடுவது, வீட்டில் தாய்க்குச் சொல்வதுபோல அதைச் சொந்தப் பேச்சில் சொல்வது. யாராவது ஒன்றைச் சொன்னால், "எந்த வரியில இருக்கு? விரலை வை" என்பாள். வரி இல்லாவிட்டால் அது புத்தகம் சொன்னதல்ல, நீ சொன்னது. முதல் கிழமை பிள்ளைகள் மாடு மிரண்டதுபோல மிரண்டார்கள். பஸ்தியானுக்கு வசனத்தின் நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வரும். ஒருநாள் அப்படி நிறுத்தப்பட்டு, தொடங்க முடியாமல், அவன் அழுதேவிட்டான்.

இந்த வேலை முதலில் பிடிபட்டது ஜுனைதாவுக்கு. கடைக்கார அத்தாஉல்லாவின் மகள், வயது பத்து; 'இருக்குது' என்பது அவள் வாயில் 'ஈக்கிது' என்றுதான் வரும். வாசிப்பு அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஒவ்வொரு சொல்லையும் சந்தேகத்தோடு, கல் பொறுக்குவதுபோலப் பார்ப்பாள். அவளுடைய தம்பி ஜபார் பெரிய காய்ச்சலில் போனவன்.

பாடத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது: "கொசுக்களில் பல வகை உண்டு. அவற்றுள் ஒரு வகையே முறைசுரத்தைப் பரப்புவது. அழுக்கு நீரில் வாழும் கொசுவின் புழுக்கள் நீரில் தலைகீழாகத் தொங்கும். முறைசுரக் கொசுவின் புழுக்களோ நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். அவை தெளிந்த நீரையே பெரும்பாலும் நாடும்."

எமிலியா இதை வாசித்துவிட்டுப் பிள்ளைகளை மட்டைக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு முதலிலிருந்தே அந்தக் குழியில்தான் கண். இவ்வளவு நாறுகிற ஒன்று கெடுதல் செய்யாமல் இருக்குமா? குழி தென்னந்தோட்டத்து லோறன்ஸ் முதலாளியுடையது, பள்ளிக்கூடமும் முதலாளியுடையது. அவருக்கு எழுதிப் போட்டு மூட வைக்கலாம் என்று மனசுக்குள் ஒரு கடிதம்கூட எழுதி வைத்திருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு போத்தலில் அந்தக் கறுப்புத் தண்ணீரை மொண்டு வெயிலில் வைத்தார்கள். புழுக்கள் நெளிந்தன. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ரீச்சர்," என்றாள் ஜுனைதா. "இது எல்லாம் தலைகீழாத் தொங்குது."

"ஓம்."

"அப்ப இது காய்ச்சல் நுளம்பு இல்ல. மத்தது படுத்துக் கிடக்கும் எண்டு ஈக்கிது." அவள் வரியில் விரலை வைத்திருந்தாள். "நல்ல தண்ணியிலதான் ஈக்குமாம்."

எமிலியா அந்த வரியை அறுபது தடவையாவது வாசித்திருப்பாள். ஆனால் தன் மூக்கு சொன்னதைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பத்து வயதுப் பிள்ளையின் முன்னால் முகம் சூடேறியது.

"நல்ல தண்ணி எங்க கிடக்கு?" என்று கேட்டாள்.

கேட்டிருக்கத் தேவையில்லை. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்து முன்வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே வீதியோரம் லோறன்ஸ் முதலாளி தன் தாய் கத்தரினாவின் பெயரில் கட்டிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. இடுப்பளவு உயரம், வெள்ளைச் சுண்ணாம்பு, நாலு மூலையிலும் நாலு சீமெந்துப் புறா. தலவில அன்னம்மாள் கோவில் திருநாளுக்கு வண்டி கட்டிப் போகிற சனங்கள் நின்று கைகால் கழுவிக் குடித்துப் போவதற்காகக் கட்டியது. பங்குனித் திருநாளுக்கு நிரப்பினால் ஆடித் திருநாள் வரைக்கும் தண்ணீர் அப்படியே கிடக்கும். வழியில் போகிற துரைமார் கண்ணுக்குத் தொட்டி நிறைந்து தெரியவேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அடியில் கிடந்த காசுகூடத் தெரிகிற தண்ணீர். எமிலியா தினமும் காலையில் அதில்தான் முகம் கழுவினாள். கையால் அள்ளிக் குடித்தும் இருக்கிறாள்.

பிள்ளைகள் சுவரில் நாடியை வைத்து எட்டிப் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அனஸ்தாசியா மெல்ல ஊதினாள். தண்ணீர் மட்டத்தில் தூசிபோலக் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் துடித்துப் பின்னால் நழுவியது. நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் நீர்மட்டத்தோடு ஒட்டி, சின்னத் துரும்புபோலப் படுத்துக் கிடந்தது.

எமிலியா வேலியோரம் போய்க் காலையில் சாப்பிட்ட பாண் துண்டை வாந்தியெடுத்தாள். பிள்ளைகள் தொட்டியை விட்டு விலகி நின்றார்கள். அவர்கள் எல்லாரும் நடந்து பழகின காலத்திலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடித்து வந்தவர்கள்.

அன்று பின்னேரமே அவள் முதலாளி வீட்டுக்குப் போனாள். முன் விறாந்தையில் முதலாளி சாய்வுக் கதிரையில் கிடந்தார். அம்பட்டன் ஒருவன் கீழே குந்தியிருந்து அவருடைய கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தான். அவள் பேசத் தொடங்கியும் காலை அவர் எடுக்கவில்லை. மஞ்சள் நகத் துண்டுகள் தெறித்துச் சீமெந்துத் தரையில் விழுந்தன. ஒன்று அவளுடைய செருப்பின் மேல் வந்து விழுந்தது. அவர் பின்னால் கண்ணாடி போட்ட அலுமாரியில் அரசாங்கம் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பிய குயினைன் போத்தல்கள் அடுக்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, மாமரத்தடியில் வந்து நின்று கும்பிடுகிறவர்களுக்கு அவர் தன் கையால் ஆளுக்கு இரண்டு குளிசை கொடுப்பார்.

எமிலியா போத்தலில் கொண்டு வந்த தண்ணீரைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை.

"ரீச்சர், அது என்ட தாய்ட பேரில கட்டின தொட்டி. அதில புழு எண்டு சொல்றது என்ட தாய்ட வாயில புழு எண்டு சொல்ற மாதிரி."

"புத்தகத்தில இருக்கு, முதலாளி. தண்ணிய இறைச்சுக் காய விட்டாப் போதும்."

"புத்தகம் இந்தியாக்காரன் எழுதினது. இங்கத்தக் காய்ச்சல் குடிசைக்குள்ள இருந்து வாறது. இந்தச் சனம் குளிக்கிறதில்ல, பெருக்கிறதில்ல. நான் ஒருத்தன் இல்லாட்டி இன்னும் எத்தினை பேர் செத்திருப்பான்?" அவர் சிரித்தார். "நீங்க சின்னப்பிள்ளை. வித்தியாதரிசி ஆனி மாசம் வாறார். அதுவரைக்கும் பதினேழாம் பாடம் வேணாம். உப்புப் பாடம் நல்லது, அதைப் படிப்பியுங்க."

உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது. அவள் வாங்கி, உதட்டில் வைக்காமல், கீழே வைத்துவிட்டு வந்தாள். வழி நெடுக வாயில் அந்த நகத்தின் நினைப்பு இருந்தது.

அவள் சாப்பாட்டுக்கும் தங்கவும் இருந்த வீடு பாக்கியம்மாவின் வீடு. மீன்பிடிக்கப் போன புருஷனைக் கடலுக்கும், இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்கும் கொடுத்துவிட்டு, வீட்டு முன்னறையில் சின்னக் கடை வைத்துப் பிழைக்கிறவள். எமிலியா நடந்ததைச் சொன்னபோது பாக்கியம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ட சின்னவன் அந்தத் தொட்டியடியிலதான் எந்நேரமும் விளையாடுவான்," என்றாள் கடைசியில். அடுத்த ஞாயிறும் அவள் மாமரத்தடிக்குப் போய்க் கைகூப்பி இரண்டு குளிசை வாங்கி வந்தாள். எமிலியாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் மூன்று நாள் கழித்துத் தனக்கே உடம்பு நடுங்கியபோது, அதில் ஒன்றை வாங்கி விழுங்கினாள்.

ஆனி மாதம் வித்தியாதரிசி வந்தார். காலைச் சாப்பாடு முதலாளி வீட்டில். நண்டுக் கறியின் வாசம் மீசையில் இருக்க, பல்லைக் குத்திக்கொண்டே வகுப்புக்குள் வந்து, இருந்த ஒரேயொரு கைக்கதிரையில் அமர்ந்தார். முதலாளி பக்கத்தில் நின்றார். மரியநாயகம் வாத்தியார் மூலையில் கைகட்டி நின்றார். வித்தியாதரிசி புத்தகத்தை விரித்தார். விரிந்தது பதினேழாம் பாடம்.

வாத்தியாரின் கண் பஸ்தியானைத் தேடியது. பையன் எழும்பவும் தொடங்கிவிட்டான். வித்தியாதரிசி கையால் மறித்து, ஜுனைதாவைக் காட்டினார். "அந்தப் பிள்ளை வாசிக்கட்டும்."

ஜுனைதா தன் வழக்கப்படி வாசித்தாள். மெல்ல, நின்று நின்று, ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் திரும்பிப் போய்த் திருத்திக்கொண்டு. வித்தியாதரிசி முகத்தைச் சுளித்தார். மூன்றாவது வசனத்தில் போதும் என்றார்.

"கொசு எங்கே முட்டையிடும்?"

வாத்தியாரின் உதடுகள் தாமாக அசைந்தன: தேங்கிய நீரில்.

"எந்தக் கொசு, ஐயா?" என்று கேட்டாள் ஜுனைதா.

வித்தியாதரிசி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை.

"காய்ச்சல் கொசுவா இருந்தா, அந்தத் தொட்டியில," என்று யன்னலுக்கு வெளியே காட்டினாள் அவள். "மத்தது பின்னுக்கு மட்டைக் குழியில. ரெண்டும் போத்தல்ல ஈக்கிது. கொண்டுவரட்டா?"

எமிலியா ஒரு கணம் நம்பினாள். இந்த மனிதர் எழும்பி யன்னலுக்குப் போவார், போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், இவ்வளவு காலமாக எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத ஒரு பதில் தனக்குக் கிடைத்துவிட்டது என்று அறிந்துகொள்வார். அவர் உண்மையாகவே எழும்பினார். யன்னலடிக்குப் போனார். தொட்டியைப் பார்த்தார், சீமெந்துப் புறாக்களைப் பார்த்தார். பிறகு முதலாளியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த அந்தச் சிரிப்பில் எண்ணெய் வழிந்தது.

"கெட்டிக்காரப் பிள்ளை," என்றார் வித்தியாதரிசி. பிறகு மேசையடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதினார். அவர் போன பிறகு வாத்தியார் அதை எமிலியாவின் முன்னால் போட்டார். நாலாம் வகுப்பில் வாசிப்புச் சரளமாக இல்லை, பிள்ளைகள் பாடத்துக்குப் புறம்பான விஷயங்களைப் பேசுகிறார்கள், ஆசிரியை பாடநூலின் வசனங்களை மனத்தில் பதியவைப்பதில் கவனம் செலுத்தவேண்டும் என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே கதலி வாழைப்பழம் சாப்பிட்ட கையின் பிசுபிசுப்பான அடையாளம் ஒன்று.

இரண்டு நாள் கழித்து, காலையில் மணி அடிப்பதற்கு முன்பே, தொட்டியடியில் கூட்டம் கூடிவிட்டது. தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் படலம் மிதந்தது. மண்ணெண்ணெய் மணம் வீதியைத் தாண்டி அடித்தது. தூசிபோலக் கிடந்த புழுக்கள் எல்லாம் அடியில் படிந்திருந்தன.

முதலாளி ஊர் அதிகாரியான விதானையாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாலாம் வகுப்பை வெளியே வரிசையாக நிறுத்தினார்கள். நெடுநேரம் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஜுனைதா தன் வாப்பாவின் கடையிலிருந்து ஒரு போத்தல் எடுத்திருந்தாள். அனஸ்தாசியாவும் பஸ்தியானும் வீட்டு விளக்குகளிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்று பேரும் தாங்களாகவே முன்னால் வந்து நின்றார்கள்.

"ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார் விதானையார்.

எல்லார் கண்ணும் எமிலியாவின் மேல் விழுந்தது.

பாடத்தின் கடைசிப் பகுதியை அவள் இன்னும் படிப்பித்திருக்கவில்லை. முதலாளி வேண்டாமென்ற பிறகு அதைத் திறக்கவே இல்லை. ஆகவே அவள் வாயிலிருந்து வந்தது உண்மைதான்.

"நான் சொல்லேல்லை," என்றாள்.

சொன்ன அந்த நொடியிலேயே அந்த உண்மை வாய்க்குள் அழுகிப்போனதுபோல இருந்தது. மட்டைக் குழியின் நாற்றமும், வாத்தியாரின் துப்பலும், முதலாளியின் நகமும் எல்லாம் வெளியே இருந்தவை, மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். இது உள்ளே இருந்தது.

"ரீச்சர் சொல்லல்ல," என்றாள் ஜுனைதாவும், சாதாரணமாக. அவளுக்கு அதில் கோபமில்லை. "புத்தகம்தான் சொன்னது." இடுப்பில் செருகியிருந்த புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து, தட்டுத் தடுமாறி வாசித்தாள்: "தேங்கிய நீரில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றினால் அது படலமாகப் பரவும். புழுக்கள் மூச்சு விட முடியாமல் இறக்கும்." வாசித்துவிட்டு விதானையாரைப் பார்த்தாள். "சிறிது எண்டு ஈக்கிது. நாங்க கூட ஊத்திட்டோம்."

விதானையார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். முதலாளி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் பிரம்பை எடுத்து வந்தார்.

முதல் அடி பஸ்தியானுக்கு. அவன் பதினேழாம் பாடத்தைப் பிழையில்லாமல் சொல்கிற பிள்ளை. எதற்கு அடி விழுகிறது என்று தெரியாதவன்போல வாத்தியாரையே பார்த்தான். இரண்டாவது அடி அனஸ்தாசியாவுக்கு. ஜுனைதா தானாகவே கையை நீட்டியபோதுதான் எமிலியாவின் கால்கள் அசைந்தன. நடுவில் போய் நின்று பிரம்பைப் பிடித்தாள். வாத்தியார் இழுத்தார். பிரம்பு அவளுடைய உள்ளங்கையைக் கீறிக்கொண்டு போனது.

"வாசிக்கச் சொல்லிக் குடுத்தது நான்தான்," என்றாள். "விளங்கினதைச் செய்யக்கூடாது எண்டு சொல்லிக் குடுக்கேல்லை. என்ட பிழை."

"விடுங்க, பிள்ளை," என்றார் வாத்தியார் தாழ்ந்த குரலில். அவர் அடிக்கவில்லை. ஆனால் முதலாளியைப் பார்த்து, "இனி இப்படி நடக்காது," என்று குனிந்து சொன்னார். மகளைப் பறிகொடுத்த மனிதர், அந்தத் தொட்டியின் முன்னாலே நின்று, அப்படிக் குனிந்தார்.

எமிலியாவுக்கு மாத முடிவோடு வேலை போனது. தொட்டித் தண்ணீர் மண்ணெண்ணெய் நாறியதால் இறைத்துக் காயப்போட்டார்கள். முதலாளி கோபத்தில் ஆடித் திருநாளுக்கும் அதை நிரப்பவில்லை. அந்த மழைக்குக் கண்டல்முனையில் காய்ச்சல் குறைவு என்று பாக்கியம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். தொட்டியால்தானா, மழை சரியாகப் பெய்ததாலா என்று யாருக்குத் தெரியும்? வரி இல்லாததைச் சொல்ல எமிலியாவுக்கும் மனமில்லை.

அவளுக்கு முன்னேஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து ஆடித் திருநாளுக்குத் தலவிலைக்குப் போனாள். கோவிலைச் சுற்றிப் போட்டிருந்த கடைகளில் ஒன்று அத்தாஉல்லாவுடையது. பேரீச்சம்பழமும் வளையலும் விற்றுக்கொண்டிருந்தார். பின்னால், படங்குச் சீலையின் நிழலில், முக்காடு போட்டுக்கொண்டு ஜுனைதா உட்கார்ந்திருந்தாள்.

"பள்ளிக்கூடம் போறல்ல, ரீச்சர். வாப்பா போதும் எண்டுட்டார். இங்கயும் அடுத்த வருஷம் கூட்டி வரமாட்டார்."

"மத்தப் பிள்ளைகள்?"

"நல்லம். போன மாசம் வித்தியாதரிசி வந்தாராம். வாத்தியாருக்கு நல்ல பேராம். பிள்ளைகள் சுற்றாடலைப் பார்த்துப் படிக்கிறாங்க எண்டு எழுதினதாம்." அவள் வளையல்களை நூலில் கோத்துக்கொண்டே சொன்னாள். "இப்ப பதிலை மாத்திட்டாங்க, ரீச்சர். கொசு எங்கே முட்டையிடும் எண்டு கேட்டா எல்லாரும் ஒண்டாச் சொல்லவேணும், தெளிந்த நீர்த் தொட்டியில் எண்டு. எங்கட அனஸ்தாசியாட தங்கச்சி வீட்டுல சொல்லிச் சொல்லிப் பாடமாக்குறாள்."

"தொட்டியில தண்ணி விட்டிருக்கா?"

"ஓம். பங்குனிக்கு விட்டாங்க. அப்பிடியே கிடக்குது."

எமிலியா வித்தியாதரிசியை நினைத்தாள், வாத்தியாரை நினைத்தாள். யன்னல் வழியாகத் தொட்டி தெரிய, நாற்பது வாய்கள் ஒன்றாகத் திறந்து அந்தப் பதிலைச் சொல்வதை நினைத்தாள். அவளுடைய பாடத்தைத்தான் எடுத்து மென்று, சக்கையாக்கி, பிள்ளைகளின் வாய்க்குள் திணித்திருந்தார்கள்.

அன்று திரும்பிப் போகிற பஸ்ஸில் புத்தளம் வரைக்கும் ரிக்கற் எடுத்திருந்தவள் கண்டல்முனையிலேயே இறங்கினாள். நடு மத்தியானம். நேரே பாக்கியம்மாவின் கடைக்குப் போய் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கேட்டாள். பாக்கியம்மா அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஊற்றிக் கொடுத்தாள். பிறகு கடைப் பலகையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

பள்ளிக்கூடம் திருநாள் விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் மரநிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். எமிலியா சுவரில் குனிந்து ஊதிப் பார்த்தாள். தூசி துடித்தது. போத்தலைத் திறந்து, அவசரப்படாமல், தொட்டியைச் சுற்றி வந்து ஊற்றினாள். போத்தல் சரிந்ததில் பாதி அவளுடைய சேலையிலும் கையிலும் கொட்டியது.

"ஆர் சொல்லிச் செய்றீங்க?" என்று கத்தினான் தோட்டத்து ஆள் ஒருவன்.

"ஆரும் சொல்லேல்லை. நான்தான் செய்றன். எமிலியா எண்டு முதலாளியிட்டச் சொல்லு," என்றாள்.

வாத்தியார் வாசலில் நின்றபடியே இருந்தார். அவர் வரவுமில்லை, தடுக்கவுமில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாக்கியம்மா மட்டும் தொட்டிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, புழுக்கள் ஒவ்வொன்றாகக் கீழே போவதை, கடைசிப் புழு போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த தரம் நான் ஊத்துறன், மகள்," என்றாள். "கடையிலதானே கிடக்கு."

பின்னேர பஸ் வந்தபோது எமிலியா ஏறி உட்கார்ந்தாள். மனசில் நிம்மதி எதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூன்று பிள்ளைகள் கையை நீட்டுவதற்கு முன்னால், செய்திருக்கவேண்டிய வேலை. அவளிடமிருந்து மண்ணெண்ணெய் குப்பென்று நாறியது. பக்கத்தில் இருந்த சீமாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, தன் பட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு, எழும்பி வேறு இடம் பார்த்துப் போனாள்.